காதில் ஆட்டிப் பார்த்த நண்டு

நண்டைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தவள் கோட்டைப்பட்டினத்தின் சரித்திரத்திலேயே நீ ஒருத்திதான் என்று என் தோழி நசீமா இன்றைக்கும் சொல்வாள்.

வெயில் ஏறாத காலை நேரம். நாட்டுப்படகுகள் கரை சேர்ந்திருந்தன. ஈரச் சிமெண்ட், டீசல், வலையில் சிக்கிய பாசி, எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. வலையிலிருந்து பிரித்த நண்டுகளைப் பிளாஸ்டிக் கூடைகளில் போட்டு வைத்திருந்தார்கள். நீலமும் பச்சையுமாக, காலை மடக்கிக்கொண்டு, பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தன.

முதுகுப் பக்கமாகப் பிடித்து ஒன்றை எடுத்தேன். கனமாக இருந்தது. இந்த ஓட்டுக்குள் சதை எவ்வளவு இருக்கும்? இதை யோசித்து முடிப்பதற்குள் கை தானாகக் காதுக்குப் போய்விட்டது. நன்றாக ஆட்டினேன்.

சத்தம் வரவில்லை. கொடுக்குதான் வந்தது. வந்து என் தோட்டைப் பிடித்துக்கொண்டது.

"ஆத்தாடீ!" என்று நான் போட்ட கூச்சலில் ஏலம் கூறிக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார். நசீமா ஓடிவந்து கொடுக்கைப் பிரித்து என்னைக் காப்பாற்றினாள். காதில் சின்னக் கீறல்தான். சுற்றி நின்றவர்களின் சிரிப்புதான் அதைவிட எரிந்தது.

"ஏம்மா, நண்டுல போன் பேசுறியா? டவர் கெடைக்குதா?" என்றார் ஒரு படகுக்காரர்.

"எந்த ஊரு புள்ள?" என்றார் இன்னொருவர்.

"ஆலங்குடிப் பக்கம்ங்க."

"அதான பாத்தேன்! கடலக்காட்டு ஆளுக!"

இரண்டாவது சுற்றுச் சிரிப்பு எழுந்தது. இந்த முறை நசீமாவும் சேர்ந்துகொண்டாள். துரோகி!

கடலைக்காட்டுப் பழக்கம்

அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எங்கள் வீட்டில் நிலக்கடலை விவசாயம், கொஞ்சம் முந்திரி. கடலை வாங்க வியாபாரி வந்தால், மூட்டையின் மேலாப்பில் எடுக்கவே மாட்டார். முழங்கை வரை உள்ளே விட்டு, நடு மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளுவார். காதோரம் வைத்து ஆட்டுவார். நன்றாகக் காய்ந்த கடலை கலகலவென்று பேசும்.

பிறகு அந்தப் பிடிக் கடலையை உடைப்பார். உள்ளே பருப்பு பிடிக்காத வெறும் ஓடு இருக்குமே, அதற்குப் பொக்கு என்று பெயர். பொக்கை ஒதுக்கிவிட்டு, பருப்பை மட்டும் எடை போடுவார். அதை வைத்துத்தான் மூட்டை விலை பேசப்படும். அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட் பார்க்கிற பிள்ளையின் முகம்.

இதைப் பார்த்து வளர்ந்ததால் எனக்கு எதைக் கையில் எடுத்தாலும் ஆட்டிப் பார்க்கிற வியாதி. தீப்பெட்டியை ஆட்டுவேன். சிங்கப்பூரிலிருந்து அண்ணன் கொண்டுவரும் சாக்லேட் டப்பாவை ஆட்டுவேன். விளாம்பழத்துக்கு அது சரியாகவே வரும். ஓட்டை விட்டுப் பழம் கழன்றிருந்தால் உள்ளே உருளும். நண்டு மட்டும்தான் என்னைக் கைவிட்டது.

ஆனால் கொடுக்கு காதைக் கவ்விய அந்த நொடியில் தோன்றிய கேள்விதான் எனக்குச் சோறு போடுகிறது. கடலையும் ஓட்டுக்குள் இருக்கிறது, நண்டும் ஓட்டுக்குள் இருக்கிறது. கடலையை உடைத்துப் பார்த்து வாங்குகிறார்கள். நண்டை என்ன பார்த்து வாங்குகிறார்கள்?

"கூட என்ன?"

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு தாய் எழுதியிருந்தார். மகளுக்கு அரசுக் கல்லூரியில் பொருளாதாரம் கிடைத்திருக்கிறதாம். கூட என்ன படிக்க வைத்தால் வேலை கிடைக்கும் என்று கேட்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தக் "கூட என்ன" என்கிற கேள்வியைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் மூன்று வருடப் படிப்பை முடித்தேன்.

புதுக்கோட்டையில் பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன் என்று சொன்னால் யாரும் "நல்லது" என்று நிறுத்த மாட்டார்கள். வெறும் சோற்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவளிடம் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பதுபோலக் "கூட என்ன?" என்பார்கள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வாட்ஸப்பில் குரல் அனுப்புவான்: "டேலி முடிச்சுரு. வேற எதையும் யோசிக்காத." திருக்கோகர்ணத்தில் இருக்கும் மாமாவோ வாரத்துக்கு ஒன்று சொல்வார். ஒரு வாரம் சட்டம். ஒரு வாரம் குரூப் ஃபோர். ஒரு தடவை, யார் சொன்னார்களோ தெரியவில்லை, "ஜப்பான் பாசை படிம்மா, ஓகோன்னு வருவ" என்றார். பொருளாதாரத்துக்கும் ஜப்பானுக்கும் என்ன மாமா என்றால், "அதெல்லாம் போயிப் பாத்துக்கலாம்" என்பது பதில்.

அப்பாவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. "பி.ஏ. முடிச்சதும் பி.எட். டீச்சரம்மா ஆயிரு. வெயிலு இல்ல, மழ இல்ல." காட்டில் காய்ந்த மனிதர் நிழலைத்தான் நினைப்பார். அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் எனக்குப் பாடம் நடத்துவதில் ஆசை இல்லை. ஒரு பொருளுக்கு ஏன் இந்த விலை என்று துருவித் துருவிக் கேட்பதில்தான் ஆசை. கேள்வி கேட்கிற வேலைக்கு யார் சம்பளம் தருவார்கள்? எனக்கும் தெரியவில்லை.

அந்த நிலைமையில்தான் நசீமாவின் டிபன் பாக்ஸ் திறந்தது.

நிலா மேல் பழி

நசீமா விலங்கியல் மாணவி. சொந்த ஊர் கோட்டைப்பட்டினம், இருப்பது கல்லூரி விடுதியில். ஊருக்குப் போய்வந்த மறுநாள் அவள் கொண்டுவரும் நண்டுத் தொக்குக்காகவே நான் அவளோடு சிநேகம் பிடித்தேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. அன்றைக்குத் தொக்கு இருந்தது, அவள் முகம் மட்டும் வாடியிருந்தது.

"வாப்பாவுக்கு மனசே சரியில்ல புள்ள. பௌர்ணமி வருதுல்ல."

"பௌர்ணமிக்கும் ஒங்க வாப்பாவுக்கும் என்ன?"

"நண்டு வெல எறங்கிரும். படகுக்காரவுக எல்லாரும் வாப்பாவத்தான் ஏசுவாக."

அவள் வாப்பா கரையில் நண்டு வாங்கி, நண்டுச் சதையைப் பதப்படுத்தும் கம்பெனிக்கு அனுப்புகிறவர். விலையைக் கம்பெனி சொல்லும். திட்டு இவருக்கு விழும்.

சரக்கு அதிகமாக வந்தால் விலை இறங்கும், வாங்க ஆளில்லாவிட்டால் இறங்கும் என்று படித்திருக்கிறேன். நிலா வந்தால் இறங்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. கடைசி வருட ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டிய நேரம் அது. மற்ற பிள்ளைகள் சீனியர் அக்காமார்களின் ப்ராஜெக்டில் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தார்கள். நான் போய் "நண்டு விலையும் நிலாவும்" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மறு வாரமே பஸ் ஏறிக் கரைக்குப் போனேன். காதைக் கொடுத்தேன்.

தோட்டை மீட்டபின் கரையில் எல்லோரிடமும் கேட்டேன். படகுக்காரர் ஒருவர், வெளிச்சத்தில் நண்டு மேயப் போகாது, பட்டினி கிடந்து இளைத்துவிடும் என்றார். இன்னொருவர், அதெல்லாம் கட்டுக்கதை, கம்பெனிக்காரன் விலையைக் குறைக்கக் கண்டுபிடித்த சாக்கு என்றார். நசீமாவின் வாப்பா சிரித்தார்.

"நான் அமுக்கித்தாம்மா பாக்குறேன். சரியாவும் இருக்கும், தப்பாவும் போகும். கம்பெனியில காலண்டரப் பாத்துட்டுப் போன் போட்டுச் சொல்லிருவாக. நான் என்ன செய்ய, சொல்லு?"

ஆளுக்கொரு பதில். ஒவ்வொருவரும் சத்தியம் செய்யாத குறை. எனக்கு அப்போதுதான் சுவாரசியம் பிடித்தது.

உம்மாவின் அடுப்படி

கேட்டால் கதைக்குமேல் கதைதான் வரும், உடைத்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். நசீமா எனக்கு நண்டைச் சொல்லிக் கொடுத்தாள். நண்டு வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஓடு போட்டுக்கொள்ளும். ஓடு பெரிதாகிவிடும், சதை அதற்குள் நிரம்பக் கொஞ்ச நாளாகும். அதுவரை உள்ளே தண்ணீர்தான் இருக்கும். எடை போட்டால் தெரியாது, தண்ணீருக்கும் எடை உண்டே!

"அப்ப இது பொக்கு" என்றேன்.

"பொக்குன்னா?"

இப்போது நான் அவளுக்குக் கடலையைச் சொல்லிக் கொடுத்தேன்.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் விடாமல் நண்டு வாங்கி, அவள் வீட்டு அடுப்படியில் அவித்து, ஓட்டைப் பிரித்து, சதையை மட்டும் எடை போட்டோம். தராசைத் தந்தது விலங்கியல் ஆய்வகம், அதுவும் நசீமா கெஞ்சிக் கூத்தாடியபின். வீடு முழுக்க நண்டு வாசம். அவளுடைய உம்மா வாசலில் நின்றுகொண்டு, "ஒங்க ஆராய்ச்சி முடிஞ்ச நண்டயாச்சும் கொழம்புக்குத் தருவீங்களா மாட்டீங்களா?" என்பார். அவர் குழம்பு வைத்த பாத்திரத்தை நான் வழித்ததும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே.

கடைசியில் கிடைத்த விடை எவருக்கும் பிடிக்காத விடை. எங்கள் கூடைகளில் பௌர்ணமி சமயத்தில் பொக்கு நண்டு கொஞ்சம் கூடத்தான் இருந்தது. அதனால் படகுக்காரரின் "கட்டுக்கதை" வாதம் நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கும் சதை நிரம்பிய நண்டுகள் ஏராளம் இருந்தன. அதனால் கம்பெனியின் காலண்டரும் நிற்கவில்லை. நிலா வந்தால் நல்ல நண்டுக்கும் பொக்கு விலைதான். உள்ளே இருப்பது வாங்குகிறவனுக்குத் தெரியாதபோது, நல்ல சரக்குக்காரன் தலையில் விடிகிறது. இது முழுக்க முழுக்கப் பொருளாதாரம். ஆனால் நண்டைத் திறக்காமல் இதைச் சொல்லவே முடியாது.

இரண்டு துறைக்கும் வேண்டாத பிள்ளை

"இதுல பொருளாதாரம் எங்கம்மா இருக்கு?" என்றார் எங்கள் துறைத்தலைவர். நல்ல மனிதர்தான், நண்டுப் படத்தைப் பார்த்ததும் மிரண்டுவிட்டார். "ஓடு கழற்றுறது, சதை எடை... வெளிக் காலேஜுலேர்ந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்து கேட்டா நான் என்ன சொல்ல?" விலங்கியல் துறையிலோ, "விலையெல்லாம் எதுக்கு எழுதியிருக்கீங்க?" என்றார்கள். மாமியார் வீடும் இல்லை, பிறந்த வீடும் இல்லை என்று ஆகிவிட்டது என் ப்ராஜெக்ட்.

இதற்குள் இன்னொன்று நடந்திருந்தது. கடலோரச் சந்தைகளை ஆராயும் ஒரு நிறுவனம், கரையில் நின்று விலை விவரம் எடுக்க ஆள் தேடியது. நான் விண்ணப்பித்தேன். ப்ராஜெக்டில் தேறி, பட்டம் கைக்கு வந்தால் சேரலாம் என்றார்கள். தங்குவது நசீமா வீட்டில் என்று உம்மாவே சொல்லிவிட்டார்.

அப்பாவிடம் சொன்னேன்.

"மீன் வாடையில நிக்கிறதெல்லாம் ஒரு வேலையா? நான் கடலக்காட்டுல நின்னது பத்தாதா?" என்றார். பி.எட். கல்லூரியில் மாமாவை வைத்து இடம் சொல்லி வைத்திருந்தார். முன்பணம் கட்டிச் சேர்வதற்குக் கடைசி நாள், ப்ராஜெக்டுக்கான என் வாய்மொழித் தேர்வு, அதாவது வைவா, நடக்கும் அதே நாள். "பரீட்ச முடிஞ்சதும் கேட்டுக்கிட்டயே நிப்பேன். நேரா போயிச் சேந்துட்டு வந்துருவோம்" என்றார். 

வைவாவில் தவறினால் வேலையும் இல்லை, பட்டமும் தள்ளிப்போகும். தேறினாலும் வாசலில் அப்பா நிற்பார். 

எக்ஸ்டர்னல் மேடம் சைவம்

அன்று காலை முதல் பஸ்ஸில் நசீமா ஊரிலிருந்து வந்தாள், தூக்குச்சட்டி நிறைய அவித்த நண்டோடு. வழி நெடுகக் கண்டக்டரிடம் வசவு வாங்கியிருந்தாள். என் திட்டம் இதுதான்: படத்தைக் காட்டினால்தானே மிரள்வார்கள், நண்டையே காட்டிவிடுவது.

எக்ஸ்டர்னலாக வந்த மேடம் மூக்குக் கண்ணாடியும் பட்டுப்புடவையுமாக இருந்தார். நான் சட்டியை மேசைமேல் வைத்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இது? நான் சுத்த சைவம்."

துறைத்தலைவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அங்கேயே பொசுங்கியிருக்க வேண்டும்.  ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"சாப்பிட வேண்டாம் மேடம். பாத்தா போதும். இந்த ரெண்டும் ஒரே எடை. எதுக்கு அதிக விலை கொடுப்பீங்க?"

"எதுக்கும் கொடுக்க மாட்டேன். அதான் சைவம்னு சொன்னேனே."

நசீமா ஜன்னலுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டது தெரிந்தது. மேடமே இறங்கி வந்தார். "சரி, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"வெளியே பாத்தா ஒண்ணுமே தெரியாது மேடம். அதான் என் ப்ராஜெக்ட்."

ஓட்டைப் பிரித்தேன். ஒன்றில் வெள்ளை வெளேரென்று சதை. இன்னொன்றிலிருந்து தண்ணீர் ஒழுகி மேசையில் ஓடியது. துறைத்தலைவர் காகிதங்களை அள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். மேடம் எழவில்லை. கைக்குட்டை மூக்கிலிருந்து மடிக்கு வந்திருந்தது.

"அப்போ நல்ல நண்டு கொண்டுவந்தவருக்கு?"

"பௌர்ணமின்னா அவருக்கும் இந்தத் தண்ணி நண்டு விலைதான் மேடம்."

"அமுக்கிப் பார்த்தா தெரியும்னு எழுதியிருக்கியே, நல்லது வேறே, இது வேறேன்னு பிரிச்சு விற்கலாமே?"

"பிரிக்கலாம். அடிப்பக்கம் மெத்துன்னு இருந்தா தண்ணி நண்டு."

"பிரிக்கிற நேரத்துல நண்டு கெட்டுப்போகாதா? அதுக்கு ஆகுற கூலியை விலை தாங்குமா?"

 அந்தப் பக்கம் நான் யோசிக்கவே இல்லை. பொய் சொல்லவும் வரவில்லை.

"தெரியல மேடம். அதைப் பாக்கத்தான் அங்க வேலைக்குப் போகணும்னு இருக்கேன்."

மேடம் பேனாவைத் திறந்தார். "போ. போய்ப் பார்த்துட்டு எனக்கும் சொல்லு" என்றார். வெளியே வந்த துறைத்தலைவர், சட்டைக் கையைத் துடைத்துக்கொண்டே, "மார்க் நல்லாத்தான் போட்டிருக்காங்க. மேசையைக் கழுவிட்டுப் போம்மா" என்றார். அந்த மேசையை நான் கழுவிய மாதிரி எங்கள் வீட்டுப் பாத்திரத்தைக்கூடக் கழுவியதில்லை.

வேப்பமரத்தடியில்

கேட்டுக்கு வெளியே, பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் அப்பா நின்றிருந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை, கையில் என் சான்றிதழ்கள் அடங்கிய மஞ்சள் பை.

"முடிஞ்சுச்சா? நாலு மணிக்குள்ள பி.எட். காலேஜுல இருக்கணும், வா."

பேச வேண்டியதை எல்லாம் நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "அப்பா" என்று ஆரம்பித்தேன். அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்ன வாட அடிக்குது?"

"நண்டுப்பா. மிச்சம் ரெண்டு இருக்கு."

"இந்த நண்டுக்குத்தான் இம்புட்டுக் கூத்தா?" சட்டியைத் திறந்து ஒன்றை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். பிறகு, எதையும் யோசிக்காமல், காதோரம் கொண்டுபோய் ஆட்டினார்.

நசீமா வாயைப் பொத்திக்கொண்டு மரத்துக்குப் பின்னால் ஓடிவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்தான் கரித்தது.

"சத்தத்தையே காணோம்."

"வராதுப்பா."

"பின்ன எதப் பாத்துத்தான் வாங்குறான்?"

"வானத்தப் பாத்துப்பா. நெலா இருந்தா எல்லாத்துக்கும் கொறஞ்ச வெல."

அவர் நம்பவில்லை. கடலையை உடைப்பது மாதிரி கட்டைவிரலைக் கொடுத்து ஓட்டைப் பிளந்தார். தண்ணீர் பீய்ச்சி அந்த வெள்ளைச் சட்டையில் அடித்தது.

"அட, பொக்கு!"

இரண்டாவதையும் தானே பிளந்தார். ஓடு நிறையச் சதை இருந்தது. இரண்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"இதுக்கும் அதுக்கும் ஒரே வெலயா?"

"பௌர்ணமின்னா ஒரே வெலதான்."

"எந்த வெல? பொக்கு வெலயா?"

"பொக்கு வெலதான்ப்பா."

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. "அடப் பாவிகளா! ஒடச்சுப் பாரு, பருப்ப எட போடுன்னு சொல்றதுக்கு அங்க ஒரு ஆளு இல்லியா?"

"இல்லப்பா. அதுக்குத்தான் என்னையக் கூப்புடுறாக."

டவுன் பஸ் வந்து நின்றது. பி.எட். கல்லூரி வழியாகப் போகிற பஸ். கண்டக்டர் எங்களைப் பார்த்து விசில் ஊதினார், டிரைவர் ஹாரன் அடித்தார். அப்பா திரும்பவே இல்லை. துண்டால் சட்டையைத் துடைத்தார், மஞ்சள் பையை என் கையில் கொடுத்தார். பஸ் கிளம்பிப் போயிற்று.

மரத்துக்குப் பின்னால் நின்ற நசீமாவை எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்மா, ஒங்க ஊருக்கு அடுத்த பஸ்ஸு எப்ப?"